அக்காவுக்குக் கிடைத்த முப்பது நாள்

எங்கள் தெருவில் ஆனந்தவல்லி வீடு எது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. சிலோன்காரி வீடு என்றால் கையை நீட்டிக் காட்டுவார்கள். ராஜபாளையத்துக்கு வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகி, இங்கேயே கல்யாணம் முடித்து, இங்கேயே புருஷனைப் பறிகொடுத்து, ரேஷன் கார்டும் ஓட்டும் இங்கேயே வைத்திருந்தவளுக்குக் கடைசி வரை அந்தப் பேர்தான். அவள் அதற்காக வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒருநாள் மில்லில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள், தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில் அந்த நாட்டுக்காரர்கள் அவர்களை இந்தியாக்காரர்கள் என்றுதான் சொல்வார்களாம்.

"எந்த ஊர்ப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாத்துக்கிட வேண்டியதுதான் வெங்கடேசு" என்று சொல்லிவிட்டுத் தூக்குச்சட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

என் முழுப்பேர் வெங்கடேஸ்வரி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நாங்கள். நானும் ஆனந்தவல்லியும் ஒரே மில்லில், பக்கத்துப் பக்கத்து மிஷினில், அறுந்த நூலை ஒட்டும் வேலை பார்த்தோம். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. கையாலும் கண்ணாலும்தான் பேசிக்கொள்வோம். அப்படிப் பேசிப் பழகியதால்தானோ என்னவோ, வெளியே வந்தாலும் எங்களுக்கு அதிகம் பேச்சுத் தேவைப்படவில்லை. என்னைத் திட்டுவதற்கென்றே கொஞ்சம் தெலுங்கு கற்றுக்கொண்டிருந்தாள்.

அவள் பிறந்தது இலங்கையில், ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில். அவளுடைய அய்யா பிறந்ததும் அதே தோட்டத்தில்தான். ஆனால் இரண்டு அரசாங்கமும் சேர்ந்து, அந்த மலையில் வேலை பார்க்கும் சனங்களில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்துக்கொண்டார்கள். அவளுடைய அய்யா இந்தியக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அவர் எழுதிக் கொடுத்தபோது பிள்ளைகள் சிறிசுகள். பதில் வருவதற்குள் மூத்த மகள் கனகலட்சுமிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கல்யாணமே ஆகிவிட்டது. மாப்பிள்ளை குடும்பத்துக்கு அந்த நாட்டுக் குடியுரிமை. அதனால் மூத்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். பதினாறு வயதில் ஆனந்தவல்லி அய்யாவோடும் அம்மாவோடும் ரயிலேறி, கப்பலேறி ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினாள். மலைநாட்டில் அந்த ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்று பேராம். மண்டபம் முகாமில் கொஞ்சநாள் இருந்தார்கள். அங்கிருந்து மில் வேலைக்கென்று இங்கே அனுப்பப்பட்டவர்களில் அவர்களும் உண்டு.

குளிரிலேயே இருந்த மனுஷர் என்பதால் அவளுடைய அய்யாவால் இந்த வெயிலைத் தாங்க முடியவில்லை. சீக்கிரமே போய்விட்டார். அம்மா இன்னும் சில வருடம் இருந்தார்கள். பஞ்சு குடோனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த இருளப்பசாமியை ஆனந்தவல்லி கட்டிக்கொண்டாள். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுஷன் அவர். ஒரே மகன் பாலகணேஷ். இருளப்பசாமி மாரடைப்பில் போனபோது பாலகணேஷ் அப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருந்தான். இப்போது சொந்தமாக ஒரு லோடு வண்டி ஓட்டுகிறான். அவன் மனைவி காளீஸ்வரி பேண்டேஜ் துணி மடித்துக் கட்டும் வேலைக்குப் போகிறாள்.

அக்கா தங்கச்சி இரண்டு பேருக்கும் முதலில் கடிதம் இருந்தது. அங்கே சண்டை நடந்த வருடங்களில் அதுவும் நின்றது. பிறகு போன் வந்தது. அதற்கும் பிறகு முகம் பார்த்துப் பேசும் போன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பேசுவார்கள். ஒவ்வொரு வாரமும் இவள் "வாக்கா" என்பாள், அவர் "நீ வாயேன் புள்ள" என்பார். ஒருமுறை இவள் பாஸ்போர்ட் எடுத்துக் கிளம்பப் பார்த்தாள், அந்த நேரம் இருளப்பசாமிக்கு முடியாமல் போனது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர் பார்க்க வரவேண்டும் என்று இவள் பிடித்த பிடியில் அக்காவும் பாஸ்போர்ட் எடுத்து வைத்தார். அந்த ஆடியில் தோட்டத்து வீட்டில் ஏதோ தடங்கல். இப்படியே போய்க்கொண்டிருந்தது. பக்கத்து நாடுதானே, விமானம் ஏறினால் ஒரு மணிநேரம்தானே என்ற நினைப்பே அவர்களை நாற்பது வருடம் ஏமாற்றிவிட்டது என்று நான் நினைப்பதுண்டு.

போன வருடம் ஆடி மாதத்தில் ஆனந்தவல்லிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதலில் வாயுத்தொல்லை என்று சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டு திரிந்தாள். கண் மஞ்சளாகத் தெரிந்த பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப் போனார்கள். கணையத்தில் கட்டி, கல்லீரல் வரை பரவிவிட்டது, கத்தி வைக்க முடியாது என்றார்கள். பாலகணேஷ் பெரிய டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டிருக்கிறான். மூன்று வாரம் போகும், தெம்பு இருந்தால் ஒரு மாதம், வீட்டில் வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே இலங்கைக்குப் போன் போனது. கனகலட்சுமி அக்காவின் மகன் ஐயாதுரை ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறவன். கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து, அம்மாவுக்கு இந்தியா வர விசா கேட்டு அவன்தான் எழுதினான். எத்தனை நாளுக்கு வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறது. மூன்று வாரம் என்று டாக்டர் சொன்னதை வைத்து, அடக்கம் முடிந்து திரும்பவும் சரியாக இருக்கும் என்று நினைத்து முப்பது நாள் விசாவையே எடுத்துவிட்டான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. அப்போது எங்கள் எல்லோருக்குமே முப்பது நாள் அதிகமாகத்தான் தெரிந்தது.

மதுரை விமான நிலையத்திலிருந்து பாலகணேஷ் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தபோது நான் ஆனந்தவல்லி கட்டிலின் பக்கத்தில் இருந்தேன். தலையணை வைத்து அவளை நிமிர்த்தி உட்கார வைத்திருந்தோம். சின்ன உருவமாக ஒரு அம்மாள், தோளில் ஒரு பையோடு வாசலில் நின்றார். ஆனந்தவல்லி கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, நீ இம்புட்டுக் குட்டையாவா இருந்த?" என்றாள்.

போனில் முகம் தெரியும், உயரம் தெரியாது. இவள் மனதில் இருந்தது பதினாறு வயதில் அண்ணாந்து பார்த்த அக்கா. அந்த அம்மாள் சிரித்தார், உடனே அழுதார். கட்டிலில் உட்கார்ந்து தங்கச்சியின் இரண்டு பாதங்களையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். 

மறுநாளே பாலகணேஷ், வெளிநாட்டுக்காரர் வீட்டில் தங்கினால் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லிப் பதிந்துவிட்டு வந்தான். அவன் அம்மா எழுந்ததும் முதலில் கேட்டதே அதைத்தான். அவளுக்கு ஏன் அதில் அத்தனை அக்கறை என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கனகலட்சுமி அக்கா வந்த பிறகு அந்த வீட்டின் நடப்பே மாறியது. காளீஸ்வரி நிம்மதியாக வேலைக்குப் போனாள். அக்கா தங்கச்சியைத் துடைத்துவிடுவார், கஞ்சியை ஆறவைத்து ஸ்பூனால் கொடுப்பார், கட்டிலை ஒட்டித் தரையில் படுத்துக்கொள்வார். எங்கள் ஊர் வெக்கை அவருக்குத் தாங்கவில்லை. ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வளைய வருவார். மாடியில் துணி காயப்போடப் போனால் மேற்கே தெரியும் மலையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவார். "இந்த மலையில கொழுந்து இல்லயா?" என்று ஒருநாள் கேட்டார். தேயிலை இங்கே கிடையாது என்றேன். "அப்ப ஏன் சும்மா நிக்கிது?" என்றார். கீழே வந்து தங்கச்சியிடம் அதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனந்தவல்லி சிரித்து நான் பார்த்துப் பல வாரமாகியிருந்தது.

அவர்களுக்குள் பேசும்போது ஆனந்தவல்லியின் பேச்சே மாறிப்போகும். டீயைத் தேத்தண்ணி என்பாள், வீட்டை லயம் என்பாள். ஒருநாள் தேங்காயையும் மிளகாயையும் இடித்துச் செய்யும் சம்பலும் ரொட்டியும் வேண்டும் என்று கேட்டாள். கொடுக்கலாமா என்று எங்களுக்குப் பயம். அக்கா செய்து, நகக்கண் அளவு வாயில் வைத்தார். அது இறங்கியது. மறுநாள் கஞ்சி ஒரு டம்ளர் கூடுதலாக இறங்கியது. கண்ணில் மஞ்சள் குறையவில்லை, வலி மாத்திரையும் நிற்கவில்லை. ஆனாலும் முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை நடந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்த உள்ளூர் டாக்டர், இது சில பேருக்கு இப்படி நடப்பதுண்டு, எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்றார்.

டாக்டர் சொன்ன மூன்று வாரமும் கடந்துவிட்டது. அவள் இருந்தாள். எங்களுக்கெல்லாம் அது சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்கா கிளம்பவேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. சுவரில் காலண்டர் தொங்கும் பக்கமே யாரும் பார்க்காமல் நடமாடினோம்.

விசாவை நீட்டிக்க வழி இருக்கிறதா என்று கேட்க ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனோம். பாலகணேஷுக்கு அன்று லோடு இருந்ததால் நானும் கனகலட்சுமி அக்காவும் மட்டும் பஸ்ஸில் போனோம். வக்கீல் பேர் ஹுமாயூன். எங்கள் மில் கேஸ் ஒன்றை முன்பு நடத்திக் கொடுத்தவர், நிதானமான மனுஷர். அக்காவின் பாஸ்போர்ட்டையும் விசா காகிதத்தையும் வாங்கி இரண்டு தடவை படித்தார். வந்த விவரம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். எங்களுக்கு டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு மெதுவாக விளக்கினார். இந்த விசாவில் வந்தவர்கள் அதிலேயே நாளைக் கூட்ட முடியாது. தேதி தாண்டி இருந்தால் குற்றம். பிறகு வெளியே போவதற்கே தனி அனுமதி வாங்க வேண்டியிருக்கும், அடுத்தமுறை விசா கிடைப்பதும் கஷ்டம். ஊருக்குத் திரும்பிப் போய், புதிதாக எழுதிப் போட்டு மறுபடி வரலாம். அதுதான் நேரான வழி.

ஆபத்தான நோய் என்றால்கூட இல்லையா என்று நான் கேட்டேன்.

"வந்தவங்களுக்கே படுத்த படுக்கையாயிட்டா அனுமதி கேட்டுப் பாக்கலாம்மா. பாக்க வந்த எடத்துல இருக்கவங்களுக்கு நோய்னா, அதுக்கு இதுல எடமில்ல" என்றார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு ஒண்ணும் வராது சார். கல்லு மாதிரி ஒடம்பு" என்றார். அதை ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலச் சொன்னார். ஹுமாயூன் ஃபீஸ் எதுவும் வாங்கவில்லை. வெளி வாசல் வரை எங்களோடு வந்தார்.

அங்கிருந்து ஆண்டாள் கோயிலுக்குப் போனோம். தேரைத்தான் பார்க்க முடியவில்லை, கோயிலையாவது பார்க்கட்டும் என்று நான்தான் கூட்டிப் போனேன். சன்னதியில் அன்று கூட்டமில்லை. நான் கும்பிட்டு, துளசி வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்த்தால் அக்கா கண்ணை மூடியபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உதடு அசைந்துகொண்டிருந்தது. பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள். நான் தோளைத் தொட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

வெளியே வந்ததும் ஒரு ஜவுளிக்கடைக்குப் போகவேண்டும் என்றார். பேரப்பிள்ளைகளுக்கு எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். உள்ளே போய் ஒரு புதுச்சேலை கேட்டார். அரக்கில் மஞ்சள் கரை வைத்த நூல்சேலை ஒன்றைப் பார்த்து, கையால் தடவி, இது போதும் என்றார். கடைக்காரப் பிள்ளை பிரித்துக் காட்டவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். படியிறங்கி வந்த பிறகு அந்தப் பையை என் கையில் கொடுத்தார்.

"பொறந்த வீட்டுக் கோடி. நான் வர முடியாமப் போனா நீங்க போட்டு விடுங்க. அவளுக்கு எங்கள விட்டா ஆளு இல்ல" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டார் கொண்டுவரும் புதுச்சேலையைத்தான் மேலே போர்த்தி அனுப்புவார்கள். உயிரோடு கஞ்சி குடித்துக்கொண்டிருப்பவளுக்கு அதை வாங்க வேண்டிவந்ததே என்று பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் அவள் சாதி இல்லை, சனம் இல்லை, வீட்டில் பேசும் பாஷைகூட வேறு. சரி என்று வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆனந்தவல்லி திருநீறு பூசச் சொல்வதுபோல நெற்றியைக் காட்டினாள். பெருமாள் கோயில், திருநீறு இல்லை என்று சொல்லி அக்கா துளசியை அவள் வாயில் வைத்தார்.

"ஆண்டாள்கிட்ட என்னக்கா கேட்ட?"

அக்கா டம்ளரை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.  ஆனந்தவல்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் அதத்தான்கா கேட்டுக்கிட்டு இருக்கேன். நீ இருக்கும்போதே போயிரணும்னு. வர மாட்டேங்குதே, என்ன செய்ய" என்றாள்.

அக்கா அப்படியே கட்டில் சட்டத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கூடப் பிறந்தவள் செத்துப்போக வேண்டும் என்று சாமியிடம் கேட்டவளாக ஆகிவிட்டேனே என்றுதான் அந்த அழுகையில் எனக்குக் கேட்டது. ஆனந்தவல்லி அழவில்லை. அக்காவின் தலையைத் தடவிக்கொண்டே, தன் மேல்தான் தப்பு என்பதுபோல, நேரத்துக்குப் போகத் தெரியவில்லை, நேரத்துக்குப் போகத் தெரியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.

சாயங்காலம் பாலகணேஷ் வந்ததும் வக்கீல் சொன்னதைச் சொன்னோம். அவன் கோபக்காரன் இல்லை, ஆனால் அன்றைக்கு அவனுக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க எங்கயும் போக வேண்டாம் பெரியம்மா. யாரு வந்து கேக்கப் போறா? அம்மா இருக்க வரைக்கும் இருங்க. பொறவு வாரது வரட்டும், நான் பாத்துக்கிடுதேன்" என்றான்.

அக்காவின் முகம் உடனே மலர்ந்தது. அவர் அதற்குத் தயாராகத்தான் இருந்தார். ஐயாதுரைக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று எழுந்தார். கட்டிலில் இருந்து ஆனந்தவல்லி, "அக்கா போகணும்" என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவள் அவ்வளவு கணீரென்று பேசி ரொம்ப நாளாகியிருந்தது. மகனைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள். அன்றைக்குத்தான், இலங்கையை விட்டு வந்த கதையை முழுதாகச் சொன்னாள். அத்தனை வருடம் பக்கத்தில் வேலை பார்த்த எனக்கே அவள் அதைச் சொன்னதில்லை.

இந்தியக் குடியுரிமை வந்த பிறகு அவளுடைய அய்யாவுக்கு, இந்தத் தேதிவரை தங்கலாம் என்று ஒரு அனுமதிதான் கொடுத்திருந்தார்கள். பிறந்த ஊரில் அவர் தங்குவதற்கு ஒரு தேதி. அந்த நேரம் கனகலட்சுமி தலைப்பிரசவத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று அம்மா கெஞ்ச, அய்யாவும் சரி என்றார். தேதி தாண்டியது. இந்த வாரம், அடுத்த வாரம் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் விடியும் முன் ஜீப் வந்தது. கையில் அகப்பட்டதை மூட்டை கட்டச் சொல்லி, அப்படியே ஸ்டேஷனில் கொண்டுபோய் ரயிலேற்றிவிட்டார்கள். பக்கத்துத் தோட்டம் கூப்பிடு தூரம்தான். ஆள் அனுப்பிச் சொல்லக்கூட விடவில்லை. தலைமன்னாரில் கப்பலேறும் வரைக்கும், அக்கா எப்படியாவது ஓடி வந்துவிடுவாள் என்று ஆனந்தவல்லி பின்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"எனக்கு மறுநாள் மத்தியானம்தான் தெரியும்" என்றார் கனகலட்சுமி அக்கா. "வலி கண்டு கெடந்தேன். யாரும் சொல்லல்ல. அம்மா ஐயாதொரைய பாக்கவே இல்ல."

ஆனந்தவல்லி மகனைப் பார்த்துச் சொன்னாள், "தேதி தாண்டி இருந்துதான் எங்களுக்குச் சொல்லிக்கிடாம வரும்படி ஆச்சு. அக்கா இந்தத் தடவ சொல்லிட்டுப் போகட்டும். எனக்கு அது போதும்."

 பாலகணேஷ் எழுந்து வெளியே போய் வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றான், துடைக்க அதில் ஒன்றுமில்லை.

கிளம்பும் நாளில் ஆனந்தவல்லி என்னைக் கூப்பிட்டுத் தலைசீவிவிடச் சொன்னாள். இருளப்பசாமி எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலையைக் கட்டிவிடச் சொன்னாள். உடம்பு வற்றிப்போயிருந்ததால் அந்தச் சேலை அவளை இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றியது. நாற்காலி போட்டு வாசலில் உட்கார வைத்தோம். தெருவில் நான்கைந்து பேர் வந்து நின்றார்கள். காளீஸ்வரி பால்கோவா டப்பாவும் பேரப்பிள்ளைகளுக்குத் துணியும் பையில் வைத்துக் கட்டினாள்.

கனகலட்சுமி அக்கா தங்கச்சி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். அவள் கன்னத்தை, காதை, கழுத்தை எல்லாம் கையால் தடவிப் பார்த்தார். கண் தெரியாதவர் ஒருவரை அடையாளம் கண்டுகொள்வதுபோல இருந்தது. எழுந்து நின்றார்.

"போயிட்டு வரவா வல்லி?"

"போயிட்டு வாங்கக்கா."

அவ்வளவுதான் பேச்சு. அதற்கு முன்போ பிறகோ அவள் அக்காவை வாங்க, போங்க என்று மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. வாடகைக் கார் தெருமுனை திரும்பும்வரை ஆனந்தவல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிய பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போகலாமா என்று நான் கேட்டபோது, செத்த நேரம் இருக்கட்டும் என்றாள். அன்று ராத்திரி கஞ்சி வேண்டாம் என்றுவிட்டாள்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் ஐயாதுரை மறுபடி விசாவுக்கு எழுதிப் போட்டான். ஏதோ ஒரு விவரம் சரியில்லை என்று திரும்பி வந்தது. திருத்தி மறுபடி அனுப்பினான். இங்கே நாங்கள் தினமும் போன் போட்டு, வந்துவிட்டதா வந்துவிட்டதா என்று கேட்டோம். ஆனந்தவல்லி மட்டும் கேட்கவில்லை. வலி மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். தூக்கம் அதிகமானது. தூக்கத்தில் பேசியதெல்லாம் தோட்டத்துப் பேச்சு, எங்களுக்குப் பாதி விளங்கவில்லை. ஐப்பசி மழை ஆரம்பித்த வாரத்தில், ஒரு காலைப் பொழுதில், காளீஸ்வரி முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு மூச்சு நின்றது.

பாலகணேஷ் பெரியம்மாவுக்குப் போன் போட்டான். வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது என்பதால் அவர்கள் லயத்தை விட்டு மேலே ரோட்டுக்கு ஏறி வந்து நின்றார்கள். அங்கேயும் மழை. போனில் பார்த்தால், யாரோ குடை பிடிக்க, அந்த அம்மாள் நடுவில் நிற்கிறார், சுற்றிலும் தோட்டத்து ஆட்கள். படம் நின்று நின்று வந்தது. குளிப்பாட்டி முடித்து, பிறந்த வீட்டுக்காரர்கள் வாருங்கள் என்று கூப்பிட்டபோது நான் அந்தச் சேலையைக் கொண்டுபோனேன். கூட்டத்தில் ஒரு பெரிய மனுஷர், இந்தம்மா எந்த முறையில் போடுறாங்க என்று கேட்டார். போனில் இருந்து அக்காவின் குரல் வந்தது.

"அவுங்க போடட்டும். நான் சொன்னது."

நான் போர்த்தினேன். அக்கா பார்த்தாரா, அதற்குள் படம் நின்றுவிட்டதா என்று தெரியவில்லை. நான் பிறகு கேட்கவும் இல்லை.

அடக்கம் முடிந்து சில நாளில் விசா வந்துவிட்டது. மறுபடியும் முப்பது நாள். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கனகலட்சுமி அக்கா வந்தார். முதல்முறை வந்தபோது இருந்த பரபரப்பு எதுவும் இல்லை. வந்து கட்டில் இருந்த இடத்தைப் பார்த்தார். கட்டிலை மடித்து மாடியில் போட்டிருந்தார்கள். அந்த வெறும் இடத்திலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். காரியத்தன்று வேலைகளில் எல்லாம் கூடமாட நின்றார். பெண்டுகள் அழுதபோது அவர் அழவில்லை.

காரியம் முடிந்த மறுநாளே ஊருக்குக் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டார். காளீஸ்வரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எம்புட்டு நாளு இருக்கு பெரியம்மா, இருந்துட்டுப் போகலாம்ல" என்றாள். பாலகணேஷும் சொன்னான். மழை ஓய்ந்து ஊர் குளிர்ந்திருக்கிறது, ஆண்டாள் கோயிலுக்குப் போகலாம், மதுரைக்குக் கூட்டிப் போகிறேன் என்றெல்லாம் சொன்னான்.

அவர் பையில் துணியை மடித்து வைத்துக்கொண்டே, "இருக்கு தம்பி. அன்னைக்கு இல்ல தானே" என்றார்.

அதில் யார் மேலும் கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பாலகணேஷ் அவரை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி, இத்தனை நாள் மிச்சம் இருக்கும்போதே கிளம்புகிறீர்களே, ஊர் பிடிக்கவில்லையா என்று சும்மா கேட்டாராம். ஊர் நல்ல ஊர் சார் என்று அவர் சொன்னாராம்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பாலகணேஷிடம் பேசுகிறார். காளீஸ்வரி மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள் என்று கேட்டதிலிருந்து, என்ன சாப்பிட வேண்டும், எதைத் தூக்கக்கூடாது என்று தினமுமே போன் வருகிறது. பிரசவத்துக்கு வாங்க பெரியம்மா, இந்தத் தடவை நாள் கூடுதலாகக் கேட்டு எழுதிப் போடச் சொல்லுங்கள் என்று அவள் சொன்னாள். ஐயாதுரையிடம் சொல்கிறேன் என்றார். எந்தத் தேதியில் வருவது என்று மட்டும் அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.